இருபத்தைந்து டிகிரிக் கடல்

எங்கள் வீட்டு மாட்டுத் தொட்டியில் பதினைந்து நாள் கடல் இருந்தது. சொன்னால் என் பிள்ளைகளே நம்புவதில்லை. கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, நெல்லும் பனையும் மாமரமுமாகக் கிடக்கிற ஊரில் கடலுக்கு என்ன வேலை என்று கேட்கிறார்கள். வேலை ஒன்றும் இல்லைதான். எங்கள் அப்பாவுக்கும் மாமாவுக்கும் இருந்த வாய்தான் அதை அங்கே வரவழைத்தது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்து வைக்கோலை ஏற்றிக்கொண்டு பொன்னானிப் பக்கம் போவார், திரும்பும்போது கருவாடும் ஒரு வம்பும் கொண்டுவருவார். எழுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம், எனக்குப் பதினோரு வயது. லாரியை வாசலில் நிறுத்திவிட்டு அவர் இறக்கியதில் கருவாடு இல்லை. நான்கு பெரிய பிளாஸ்டிக் கேன் நிறைய கடல் தண்ணீரும், வாயில் துணி கட்டிய ஒரு மண்குடமும் இருந்தன. குடத்துக்குள் விரல் நீளத்தில் ஐந்து மீன்கள். வெள்ளி உடம்பில் வளைத்து வளைத்துக் கறுப்பு வரி போட்டிருந்தது. பாறைக்குழியில் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் வாங்கினாராம்.

"கடலப் பாக்கோணும் பாக்கோணும்னயே அம்மிணி, இந்தா, கொண்டாந்துட்டன். ரெண்டு நாளைக்கு நல்லாப் பாத்துக்கோ. அப்புறம் கொழம்பு வெச்சுக்கோ" என்றார் என்னிடம்.

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதைப் பார்த்ததும் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ஏன் இரண்டு நாள், வளர்க்க எங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார். கடல்மீனுங்க மச்சான், மாடல்ல என்றார் மாமா. அவ்வளவுதான். அடுத்த லோடு போட்டுவிட்டு நீ வருகிறவரை இந்த மீன்களை உயிரோடு வைத்திருக்காவிட்டால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று அப்பா சொல்லிவிட்டார். அடுத்த லோடுக்குப் பதினைந்து நாள் இருந்தது. அப்பாவின் மீசையோ எங்கள் தெருவுக்கே அடையாளம், அதைச் சொல்லித்தான் வெளியூர்க்காரர்கள் வழி கேட்பார்கள். அம்மா இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கையால் செய்ய முடிகிற எதையும் கடையில் வாங்கமாட்டார். அதேபோல எதையும் ஒருமுறை கற்றுக்கொண்டால் விடமாட்டார். கிருஷி ஆபீஸிலிருந்து வந்தவர், உப்புத் தண்ணீரில் கோழிமுட்டை மிதக்கிற பதத்துக்குக் கரைத்து அதில் விதைநெல்லைப் போட்டால் பதரெல்லாம் மேலே வந்துவிடும் என்று சொல்லிக்கொடுத்ததை ஊரில் முதலில் செய்தவர் அவர்தான். அதன் பிறகு நான்கு பேர் கூடினால் முட்டைக் கதை வராமல் போகாது. உப்புத் தண்ணீர் விஷயத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்றே அவர் நினைத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எங்கள் காளை கொம்பால் இடித்து ஒரு பக்கம் பெயர்ந்துபோன சிமெண்டுத் தொட்டி தொழுவத்துக்குப் பின்னால் கிடந்தது. பெயர்ந்த பக்கத்தை அப்பா உளியால் சதுரமாகச் செதுக்கினார். அம்மாவின் சுவர் அலமாரியிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, தார் காய்ச்சி ஊற்றி, அதில் பதித்தார். அலமாரி கதவில்லாமல் நின்றதற்கு அம்மா மூன்று நாள் பேசவில்லை. ஆனால் தண்ணீரை ஊற்றி மீன்களை விட்டதும் கண்ணாடிக்கு முன்னால் முதலில் வந்து உட்கார்ந்தது அவள்தான்.

மீன் உயிர் பிழைக்க மூச்சு வேண்டும். லாரி குலுங்கி வந்ததால்தான் குடத்தில் சாகாமல் வந்தன, சும்மா நின்ற தண்ணீரில் திணறிப்போகும் என்று மாமா சொல்லியிருந்தார். அதற்கு அவரே ஒரு பழைய லாரி டியூபைப் போட்டுவிட்டுப் போனார். அதில் சைக்கிள் பம்பால் காற்றை அடைத்து, ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் கேட்டு வாங்கிய ரப்பர் குழாயை மாட்டினோம். குளுக்கோஸ் ஏற்றும்போது சொட்டைக் கூட்டிக் குறைக்கிற சின்னத் திருகு அந்தக் குழாயிலேயே இருந்தது. இணைப்புகளில் காற்று கசியாமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூபை வார் வாராக வெட்டி இறுக்கிக் கட்டினார் அப்பா. அந்த வார்க் கட்டு அவருடைய கைரேகை மாதிரி, எங்கள் வீட்டில் உடைந்தது எல்லாம் அதில்தான் நிற்கும். குழாயின் நுனியிலிருந்து காற்று குபுக் குபுக்கென்று பெரிதாக வந்தது, மீன்கள் மிரண்டன. காய்ந்த கல்யாண முருங்கைக் குச்சியில் ஒரு துண்டு நறுக்கி நுனியில் செருகினார். மரத்தின் கண்ணுக்குத் தெரியாத துளை வழியாகக் காற்று பொடிப் பொடியாக, பால் நுரைபோல வந்தது. நான் கை தட்டியதில் தொழுவத்தில் மாடு திரும்பிப் பார்த்தது.

அழுக்கு எடுக்க, அடியில் துளை போட்ட பானையில் கரியும் ஆற்றுமணலும் அடுக்கித் தொட்டியின் மேல் தொங்கவிட்டோம். காலையும் மாலையும் சிரட்டையால் மொண்டு அதில் ஊற்றுவேன், கீழே தெளிந்து சொட்டும். டியூபுக்குக் காற்று அடிப்பதும், மண்புழுவை நறுக்கிப் போடுவதும் என் வேலைதான். பள்ளிக்கூடத்தில் நான் நடந்த நடை இருக்கிறதே, கலெக்டர் தோற்றுப்போவார். எங்க ஊட்டுல கடல் இருக்குது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். சாயங்காலமானால் கண்ணாடிக்கு முன்னால் இருபது தலை இருக்கும்.

ஏழாம் நாள் பார்த்தால் தண்ணீர் நான்கு விரல் இறங்கிவிட்டது. எங்கள் ஊர்த் தைக்காற்று சும்மா இருக்காது, ஈரத் துணியையும் ஏரித் தண்ணீரையும் ஒரே மாதிரி குடித்துவிட்டுப் போகும். கடல் தண்ணீர் குறைந்தால் கடல் தண்ணீரைத்தானே ஊற்றவேண்டும் என்றார் அப்பா. எனக்கும் அது சரியென்றே பட்டது. தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும் என்று எங்கள் இருவர் தலையிலும் ஏறவில்லை. கிணற்றிலிருந்து இறைத்து, கல்லுப்பைக் கரைத்து, முட்டையை உள்ளே விட்டார். முட்டை முங்கியது. இன்னும் உப்பு. இன்னும் உப்பு. முட்டை மேலே வந்து தலைகாட்டியதும் அப்பாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! விதைநெல்லுக்குக் கரைக்கிற அதே பதம். கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும் என்று இறங்கினதற்கு மேலேயே, குடம் குடமாக ஊற்றித் தொட்டியை விளிம்பு வரை நிரப்பினார்.

மத்தியானம் பள்ளியிலிருந்து சாப்பிட வந்தபோது மூன்று மீன்கள் மல்லாந்து கிடந்தன. மற்ற இரண்டும் ஓரத்தில் சாய்ந்துகொண்டு வாயைத் திறந்து திறந்து மூடின. அம்மா விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். முகம் சுருங்கிப்போயிற்று.

"ஏனுங்க, இது கடலுங்களா, மாங்காய் ஊறப் போடற சாடிங்களா?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. நீங்கதான் கொன்னீங்க என்று அப்பாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டில் யாரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. செத்த மீன்களை ஒவ்வொன்றாக எடுத்து வாழையிலையில் வைத்தார். பிறகு நல்ல தண்ணீர் ஊற்றினால் சரியாகும், ஆனால் எவ்வளவு ஊற்றுவது என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். நாக்கை நம்பி ஊற்றி இன்னும் இரண்டைக் கொல்ல முடியாது. அளந்து பார்க்க ஒரு கருவி வேண்டும். அப்படி ஒரு கருவி எங்கள் ஊரில் ஓரிடத்தில்தான் இருந்தது. அந்த இடத்தின் வாசற்படியை மிதிப்பதில்லை என்று அப்பா சபதம் போட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது.

அது பால் சொசைட்டி. அங்கே லாக்டோமீட்டர் என்று ஒன்று உண்டு. அடியில் குண்டு வயிறும் மேலே ஒல்லிக் கழுத்துமாக ஒரு கண்ணாடிக் குழல், பாலில் விட்டால் நின்றபடி மிதக்கும். கழுத்தில் எந்தக் கோடு வரை முங்குகிறதோ அதுதான் டிகிரி. நல்ல பாலில் இருபத்தெட்டு, இருபத்தொன்பது காட்டும். தண்ணீர் கலந்த பாலில் இன்னும் ஆழமாக முங்கும், எண் குறையும். ஆறு மாதத்துக்கு முன் ஒரு நாள் எங்கள் பாலில் அது இருபத்தைந்து காட்டியது. செகரட்டரி நான்கு பேர் முன்னால் பாலைத் திருப்பி அனுப்பினார். அப்பா போய்ச் சத்தம் போட்டார். என்ற மாட்டுப் பாலுல தண்ணின்னு சொன்ன ஊட்டு வாசல மிதிக்கமாட்டன் என்று சொல்லிவிட்டு வந்தவர், அன்றிலிருந்து பாலை டீக்கடைக்குத்தான் ஊற்றினார்.

அந்தப் பாலில் தண்ணீர் இருந்தது. ஊற்றியது நான். சொசைட்டிக்குப் பால் கொண்டுபோவது என் வேலை. பாலம் வழியாகச் சுற்றிப் போகச் சோம்பல் பட்டு வாய்க்காலைத் தாவினேன், தூக்குப்போசியின் மூடி கழன்று அரை லிட்டருக்கு மேல் சிந்திவிட்டது. வாய்க்காலிலிருந்தே மொண்டு நிரப்பினேன். பார்க்கப் பால் மாதிரிதான் இருந்தது. பிறகு அப்பா போட்ட சத்தத்தைக் கேட்டு வாயை இறுக மூடிக்கொண்டேன். இந்த ரகசியம் எனக்கும் வாய்க்காலுக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அதனால் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வா அம்மிணி, சொசைட்டிக்கு" என்றபோது நான் ஓரடி பின்னால் போனேன்.

அளந்து ஒப்பிட்டுப் பார்க்க உண்மையான கடல் கொஞ்சம் வேண்டுமே. அது என்னிடம் இருந்தது. மாமா கொண்டுவந்ததில் ஒரு டானிக் பாட்டில் நிறைய எடுத்து, பெட்டியில் துணிக்கடியில் ஒளித்து வைத்திருந்தேன். கடல் தீர்ந்துபோனாலும் எனக்கென்று ஒரு பாட்டில் இருக்கட்டும் என்கிற பேராசைதான். அதை எடுத்துக் கொடுத்தபோது அப்பா, சாகக் கிடந்த மீனையும் மறந்து, சிரித்துவிட்டார்.

சாயங்காலப் பால் ஊற்றுகிற நேரம். தூக்குப்போசிகளோடு பெண்கள் வரிசையில் நிற்க, கடைசியில் மீசையோடு எங்கள் அப்பா, கையில் ஒரு டானிக் பாட்டிலும் ஒரு சொம்புத் தொட்டித் தண்ணீரும். செகரட்டரி கண்ணாடியை மூக்குக்குக் கீழே இறக்கிப் பார்த்தார். அப்பா விஷயத்தைச் சொன்னார். தன் முட்டைக் கணக்கு தப்பிவிட்டது என்பதையும் அத்தனை பேர் காதிலும் விழச் சொன்னார். செகரட்டரி பாட்டில் தண்ணீரை நீளக் குடுவையில் ஊற்றி லாக்டோமீட்டரை விட்டார். அது ஆடி, நின்றது. குனிந்து பார்த்தார்.

இருபத்தைந்து.

அந்த எண்ணை அங்கே யாரும் மறந்திருக்கவில்லை. செகரட்டரி நிமிர்ந்து, மெதுவாகச் சொன்னார்:

"கடல்லயும் ஆரோ தண்ணி ஊத்திப்போட்டாங்களாட்ட இருக்குதுங்க!"

கூடம் முழுக்கச் சிரித்தது. என் காது இரண்டும் கொதித்தன. அப்பா இப்போது கத்தப்போகிறார், குடுவை உடையப்போகிறது, மீன் சாகப்போகிறது என்று அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். அப்பா மீசையைத் தடவிக்கொண்டு தானும் சிரித்தார்.

"ஊத்துனது ஆருன்னு கடலுக்குத் தெரியுமுங்க. ஆனா அது சொல்லாது."

சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. செகரட்டரிக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் ஏதோ தன் வீட்டு மீனைப் பார்ப்பதுபோல வேலையில் இறங்கிவிட்டார். தொட்டித் தண்ணீரில் விட்டால் லாக்டோமீட்டர் கோடெல்லாம் வெளியே தெரியத் துருத்திக்கொண்டு நின்றது. ஒரு டம்ளருக்கு அரை டம்ளர் நல்ல தண்ணீர், முக்கால் டம்ளர் என்று கலந்து கலந்து பார்த்தார். ஒன்றுக்கு ஒன்று வந்ததும் இருபத்தைந்தில் நின்றது. பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுப் பாதி கிணற்றுத் தண்ணீர் விடுங்க, ஒரேயடியா விடாதீங்க என்றார். லாக்டோமீட்டரைத் தர முடியாது, காலையில் பால் எடுக்கவேண்டும் என்று வருத்தப்பட்டார்.

வீட்டுக்கு வந்து சிரட்டை சிரட்டையாக மாற்றினோம். இருட்டுவதற்குள் ஒரு மீன் நிமிர்ந்தது. காலையில் மற்றதும் மண்புழுவைத் தேடி வந்தது. அம்மா ஓர் ஓரமாகப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அலமாரிக் கதவு போன போதுகூட அவள் அழவில்லை.

இனிமேல் தினமும் அளக்கவேண்டும். அப்பா ஹோமியோபதி மாத்திரைக் குப்பி ஒன்றில் மணலைப் போட்டு, தக்கையால் அடைத்து, மெழுகால் பூசி மிதக்கவிட்டார். கிணற்றுத் தண்ணீரிலும் தொட்டிக் கடலிலும் அது ஒரே மாதிரிதான் மிதந்தது, வித்தியாசம் கண்ணுக்கே தெரியவில்லை. எனக்குச் சொசைட்டியில் பார்த்த அந்த உருவம் நினைவிலேயே இருந்தது. குண்டு வயிறு, ஒல்லிக் கழுத்து. இதுக்குக் கழுத்து இல்லீங்கப்பா என்றேன். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவிக் கொடுத்தேன். அப்பா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். ஈர்க்கைத் தக்கையில் குத்தி நிறுத்தி, மணலைக் கொஞ்சம் கூட்டி, ஈர்க்கின் நுனி மட்டும் வெளியே நிற்கும்படி மிதக்கவிட்டார். கிணற்றுத் தண்ணீரில் ஈர்க்கு முங்கிய இடத்துக்கும் கடலில் முங்கிய இடத்துக்கும் நடுவே இரண்டு விரற்கடை இடைவெளி! கடல் நின்ற இடத்தில் நகத்தால் ஒரு கீறல் போட்டார். அன்றிலிருந்து காற்று குடித்த அளவுக்கு நல்ல தண்ணீரை ஊற்றி, கீறல் தண்ணீரோடு ஒட்டி நிற்கிறதா என்று பார்ப்பேன்.

பதினைந்தாம் நாள் மாமா வந்தார். லாரியிலிருந்து இறங்கும்போதே நாவிதரைக் கூப்பிடட்டுமா என்று கேட்டுக்கொண்டுதான் வந்தார். அப்பா தொட்டிப் பக்கம் கை காட்டினார். இரண்டு மீன்களும் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து மாமாவைப் பார்த்தன. மாமா குந்தி உட்கார்ந்தவர், வெகு நேரம் எழுந்திருக்கவில்லை. அப்பா தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு ஈர்க்குக் குப்பியைத் தூக்கிக் காட்டினார். மூன்று மீன் செத்ததையும் மறைக்கவில்லை. "இது என்ற புள்ள செஞ்சது. நான் முட்டைய வெச்சுக் கொன்னன், இவ ஈர்க்க வெச்சுக் காப்பாத்துனா" என்றார். எத்தனையோ பேர் எத்தனையோ பாராட்டு சொல்லியிருக்கிறார்கள் எனக்கு, பின்னாளில். அந்த இரண்டு வரிக்கு ஈடாக ஒன்றும் இல்லை. மீன்களை மாமாவோடு கடலுக்கே திருப்பி அனுப்பச் சம்மதித்ததும் அந்தப் பெருமை தந்த தாராளம்தான்.

மீன்கள் போன அன்று சாயங்காலம் அப்பா பால் கறந்து வைத்துவிட்டு, என்ன தோன்றிற்றோ, குப்பியை எடுத்துப் பாலில் விட்டார். ஈர்க்கு ஆடி நின்றது. கடல் கீறல் பாலுக்கு மேலே, ஒரு நெல்மணி நீளம் உயர்ந்து தெரிந்தது. எங்கள் மாட்டுப் பால் கடலைவிடக் கெட்டி. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத பால்.

எனக்குத் துள்ளல் தாங்கவில்லை. வாய்க்காலில் மொண்டது நானேதான் என்பதுகூட அந்தச் சந்தோஷத்தில் எனக்கு மறந்துபோயிற்று. இதைக் கொண்டுபோய்ச் செகரட்டரிக்குக் காட்டுங்கப்பா, நம்ம பால் நல்ல பாலுன்னு எல்லாருக்கும் தெரியட்டும் என்று குதித்தேன். அப்பா குப்பியைத் துடைத்து மாடத்தில் வைத்தார். "எதுக்கு? நமக்குத் தெரிஞ்சாப் போதாதா?" என்று மட்டும் கேட்டார். கையில் இவ்வளவு பெரிய சாட்சி இருக்கும்போது ஒரு மனிதர் ஏன் சும்மா இருக்கவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை, அவர்மேல் கோபம்கூட வந்தது.

மறுநாள் காலை தூக்குப்போசியை எடுக்கப் போனேன். தொட்டிக் குழாயிலிருந்து அவிழ்த்த சைக்கிள் டியூப் வார் ஒன்று, மூடிக்கு மேலே குறுக்கே போட்டு இரண்டு காதிலும் இறுக்கி மாட்டப்பட்டிருந்தது. அப்பா மாட்டைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னார்:

"இன்னைக்கிருந்து சொசைட்டிக்கே ஊத்தீட்டு வா அம்மிணி. வாய்க்காலத் தாண்டறப்பக்கூட இனி மூடி கழண்டுக்காது."

வாரை இழுத்துப் பார்த்தேன், விண்ணென்று நின்றது. வழியில் வாய்க்கால் வந்ததும் வேண்டுமென்றே இரண்டு காலையும் சேர்த்து ஒரு தாவு தாவினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. சொசைட்டியில் இருபத்தொன்பது டிகிரி. ஊரில் வேறு எவர் தூக்குப்போசிக்கும் இப்படி ஒரு பூட்டு கிடையாது என்கிற பெருமையில் தலைகால் புரியாமல் வீட்டுக்கு நடந்தேன். நான் வாய்க்காலைத் தாண்டுவதைப் பற்றி அப்பாவிடம் ஒரு நாளும் வாய் திறந்ததில்லையே என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.